அரச மாளிகைக் கவியரங்குக்கு மலையகக் கவிஞர்களைத் தெரிவு செய்தல்

நுவரெலியா ஜனாதிபதி மாளிகையிலோ கொழும்பு அலரி மாளிகையிலோ கவியரங்கு வைக்கிறார்கள், "மலையகத்திலிருந்து நாலு பேரைச் சொல்லுங்க சேர்" என்று உங்களைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். எல்லா மேடைக்கும் போய்வரும் பெயர்களை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதத் தவணை கேளுங்கள். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்த காலம் தொட்டுக் கவியரங்குக்கு ஆள் சேர்ப்பவன் நான். அவசரத்தில் எழுதிய பட்டியலில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருக்கவே மாட்டார்கள்.

தொகுப்பு போட்டவர்களை மட்டும் தேடாதீர்கள். மாசியில் மன்மதன், ரதி கதையைப் பாடி ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களுக்குப் போங்கள்; அங்கே பாட்டுக் கட்டுகிறவர் இருப்பார். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியைகளிடம் விசாரியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களில் கொப்பியில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு, கேட்டால்தான் எடுப்பார்கள். 1930களில் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் தானே கட்டிய பாட்டைப் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். அந்த வழியில் வருகிற பெண் குரல் ஒன்றாவது இல்லாத பட்டியலை நான் அனுப்ப மாட்டேன்.

எழுத்தில் பார்த்தது போதாது, வாசிக்கவும் கேளுங்கள். ஒலிவாங்கி இல்லாமல், கோயில் மண்டபத்தில், பின்னால் பிள்ளைகள் சத்தம் போடும்போது கேளுங்கள். அங்கே எடுபட்டால் எங்கேயும் எடுபடும்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். ஆளைத் தெரிவு செய்த பிறகு, "சம்பளப் பிரச்சினையை விட்டுட்டு இயற்கையைப் பாடுங்க" என்று சொல்லக் கூடாது. மாளிகைக்காரர் கேட்டாலும் சொல்லக் கூடாது. 2003இல் அமெரிக்க வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ் ஒழுங்கு செய்த கவிதை நிகழ்வுக்கு சாம் ஹாமில் என்ற கவிஞருக்கும் அழைப்புப் போனது. ஈராக் போருக்கு எதிராகக் கவிதை அனுப்பும்படி அவர் மற்றக் கவிஞர்களைக் கேட்டார். நிகழ்வையே தள்ளிப் போட்டுவிட்டார்கள். கவிஞர் எதை வாசித்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று ஏற்பாட்டாளரிடம் அழைப்புக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்குப் போட்ட சனங்களை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளை அரச மாளிகையில் நின்று வாசிக்கும்போது, எதைச் சொல்வதென்று அவரே தீர்மானிக்கட்டும்.

வார நாளில் நிகழ்வு வைத்தால் தோட்டத்தில் வேலை செய்யும் கவிஞருக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். அந்தச் சம்பளத்தையும் வேன் கூலியையும் ஏற்பாட்டாளர் தர வேண்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். புனைபெயரில் எழுதுகிறவரின் அடையாள அட்டைப் பெயரையே பாதுகாப்புப் பட்டியலுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் மறிப்பார்கள்.

முன்வரிசையில் இருப்போரில் பலருக்குத் தமிழ் விளங்காது. சிங்கள மொழிபெயர்ப்பை அலுவலகத்தில் விட்டுவிடாமல், சிங்களத்தில் கவிதை எழுதும் ஒருவரைப் பிடித்து, கவிஞரோடு ஒரு பகல் முழுக்க உட்காரவையுங்கள். தமிழ் முதலில், சிங்களம் பிறகு. அந்த ஒழுங்கை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.