பார்கோடுக்குள் விலை இல்லை
மார்த்தாண்டம் தேனையோ நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸையோ பொட்டலமிட்டு விற்கத் தொடங்கும் பலர், பார்கோடுக்குள்ளேயே விலை பதிந்திருப்பதாக எண்ணுகின்றனர். கடைப் பொருள்களில் நாம் வழக்கமாகக் காணும் பார்கோடு 13 இலக்க எண்ணை மட்டுமே தாங்கியுள்ளது; ஸ்கேனர் அதைப் படித்து அனுப்பியதும், பெயரும் விலையும் கடைக் கணினியின் தரவுத்தளத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே அந்தத் தரவுத்தளத்தை நாள்தோறும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்து வைப்பதே முதல் வேலை என்பேன்.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் ஆகும்: இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியேயும், இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை 3-ஆல் பெருக்கியும் கூட்டினால், மொத்தம் 10-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். லேபிள் அச்சிடும்போது கோடுகளின் இருபுறமும் வெற்றிடம் விடுங்கள். இல்லையேல் ஸ்கேனர் படிக்கத் தடுமாறும்.