தொழில்சார் வலைப்பதிவு: மலையகத்தில் பணிபுரிவோருக்கு ஒரு வழிகாட்டல்

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலோ, ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையிலோ, பதுளைப் பக்கத்துப் பாடசாலையிலோ வேலை செய்பவரின் திறமையை உடன் வேலை செய்கிறவர்கள் நன்கு அறிவார்கள். பதவி உயர்வைத் தீர்மானிக்கும் கொழும்புத் தலைமை அலுவலகமோ அவரை மாதாந்த அறிக்கையின் வழியாக மட்டுமே அறிகிறது. அறிக்கை எவ்வளவு நடந்தது என்று சொல்லும்; எப்படிச் சிந்தித்துச் செய்தீர்கள் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கு, சொந்தப் பெயரில், தொழிலைப் பற்றி மட்டும் எழுதும் ஒரு வலைப்பதிவு உதவும்.

முதலில் விடயத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். பொதுவாகத் ‘தேயிலை’ என்று எழுதத் தொடங்கினால், 1925 இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே சொன்னதையே நீங்களும் திருப்பிச் சொல்ல நேரும். ‘மழைக்காலத்தில் கொழுந்தை வாட்டுவது’ (பறித்த இலையின் ஈரத்தைக் குறைத்துத் துவளச் செய்வது) என்று சுருக்கினால் உங்கள் அனுபவமே போதிய சரக்காகும். தென்மேல் பருவமழையில், மலையின் மேற்குப் பக்கமுள்ள திம்புள்ளைப் பகுதிக் கொழுந்து நனைந்தபடியே தொழிற்சாலைக்கு வருகிறது. இலையின் மேற்பரப்பு ஈரம் போன பிறகுதான் வாட்டம் தொடங்கும் என்பதால் நேரம் நீள்கிறது, சூடான காற்று கூடுதலாகத் தேவைப்படுகிறது, எரிபொருள் செலவும் ஏறுகிறது. அதே காலத்தில் மலையின் மறுபுறம், ஊவாவில், காய்ந்த காற்று வீசுவதால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே தரமான தேயிலைக்குரிய பருவமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் வேலை பார்த்த ஓர் உத்தியோகத்தர் இந்த வேறுபாட்டை விளக்கி எழுதினால், புதிதாகச் சேரும் உதவியாளர் முதல் தலைமை அலுவலக முகாமையாளர் வரை அதை வாசிக்கக் காரணம் இருக்கும். ஆசிரியருக்கும் தாதிக்கும் இதே விதிதான்: துறையை விட்டுவிட்டு, துறைக்குள் உங்கள் கைக்குப் பழகிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதி. தனியார் நிறுவனத்தில் இருப்பவர் மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அரச உத்தியோகத்தராயின், ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் தகவல் வெளியிடுவதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது என்பதை மறக்கக்கூடாது. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பது ஊரறிந்த கணக்கு, அதை எழுதலாம். உங்கள் தொழிற்சாலையின் சென்ற மாதக் கணக்கையும் விற்பனை விலையையும் எழுதக்கூடாது. முறையைச் சொல்லுங்கள், நிறுவனத்தின் எண்களை விட்டுவிடுங்கள். நோயாளி, மாணவர், தொழிலாளி ஆகியோரின் பெயரும் படமும் அவர்களின் சம்மதமின்றி வரலாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும். கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் சுற்றுலாப் பிரசுரங்களில் வேண்டிய அளவு வந்துவிட்டது, நீங்களும் சேர்க்க வேண்டியதில்லை.

தளம் பெரிய பிரச்சினையல்ல. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். ஆனால் எழுத்துருவில் கவனம் தேவை. நம் அலுவலகங்களில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள்; அந்த எழுத்தை அப்படியே இணையத்தில் இட்டால் பிறருக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகுளில் தமிழில் தேடுபவருக்கும் அகப்படாது. எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையில் எழுதுங்கள், பாமினி விசைப்பலகைக்குக் கை பழகியவர்கள் அதே விசை அமைப்பிலேயே யுனிகோடைத் தட்டச்சுச் செய்ய வசதி உண்டு.

எந்த மொழி என்ற கேள்வி மலையகத்தில் தவிர்க்க முடியாதது, ஏனெனில் உங்களை மதிப்பிடுகிறவர் பெரும்பாலும் தமிழ் வாசிக்காதவர். அதற்காக ஆங்கிலத்துக்கே மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரிவான விளக்கத்தைத் தமிழில் எழுதி, தொடக்கத்தில் நான்கைந்து வாக்கியங்களில் ஆங்கிலச் சுருக்கமோ சிங்களச் சுருக்கமோ கொடுங்கள். மேலதிகாரிக்கு அது போதும், உங்களிடம் வேலை பழகுகிறவர்களுக்கோ தமிழ்ப் பகுதிதான் வேண்டும்.

மூன்று பதிவுகளை எழுதி முடித்த பிறகே தளத்தை வெளியிடுங்கள். பின்னர் மாதத்துக்கு ஒன்று போதுமானது. ஒவ்வொரு பதிவிலும் என்ன சிக்கல் வந்தது, என்ன செய்து பார்த்தீர்கள், என்ன பலன் கிடைத்தது, எந்தச் சூழ்நிலையில் அது பலிக்காது என்பவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அனுபவசாலி வாசகர் முதலில் தேடுவதோ அதைத்தான். வேலையில் கைகொடுத்தவர்களின் பங்கையும், அவர்கள் விரும்பினால் பெயர் சொல்லி, குறிப்பிடுங்கள்.

எழுதியதை வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட வேண்டாம். யாருக்கு அது பயன்படுமோ அவருக்கு, ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் பதவி விண்ணப்பத்திலும் தள முகவரியோடு நிறுத்தாமல், பொருத்தமான இரண்டு பதிவுகளின் தலைப்பையும் அவை எந்த வேலையில் பயன்பட்டன என்பதையும் எழுதிவிடுங்கள். முழுத் தளத்தையும் புரட்டிப் பார்க்க நேர்முகத் தேர்வுக் குழுவில் எவருக்கும் நேரமிருக்காது.