திருக்கை ரத்தத்தில் இல்லாத மலேரியா

“இன்னாக்கா இது, எல்லா செல்லுலயும் மலேரியா இருக்கு!” எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தேவிட்டான். ஸ்லைடு மனிதருடையது இல்லை. காட்பாடியில் வீட்டுத் தொட்டியில் அமேசான் நன்னீர்த் திருக்கை வளர்க்கும் ஒருவர், கால்நடை மருத்துவர் எடுத்த ரத்தம் என்று கொண்டுவந்தது. தம்பி பார்த்தது சிவப்பணுவின் கருவை (நியூக்ளியஸை).

வேலூர் ஆஸ்பத்திரி ஊர், ரத்தம் பார்க்கத் தெரிந்த கண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனித ரத்தத்தில் பழகிய கண்தான் மீனிடம் முதலில் ஏமாறும். நம் சிவப்பணுவில் கரு கிடையாது. திருக்கையின் சிவப்பணு முட்டை வடிவில், பெரிதாக, நடுவே ஊதாக் கருவோடு இருக்கும். முதிராத சிவப்பணுக்களும் உருண்டையாக, நீலம் கலந்து கூடவே சுற்றும். செல் எண்ணும் இயந்திரத்தில் போட்டால் இன்னும் மோசம்: கருவுள்ளதையெல்லாம் வெள்ளையணு என்று எண்ணி, தலைசுற்றும் ஒரு எண்ணைக் கொடுக்கும். கையால்தான் எண்ண வேண்டும்.

அப்படியானால் நிஜ ஒட்டுண்ணி எப்படி இருக்கும்? பிரேசிலின் ரியோ நீக்ரோ படுகையில் ஒரு சின்னத் திருக்கை உண்டு, 2016-இல்தான் பொட்டமோட்ரைகன் வாலசி என்று பெயர் பெற்றது. ஆற்றில் பிடித்த அந்த மீன்களின் சிவப்பணுக்களில் சிரிலியா வகை ஒட்டுண்ணியைக் கண்டிருக்கிறார்கள். இந்த ஒட்டுண்ணியின் முதிர்ந்த வடிவம் வாழைப்பழம்போல நீண்டு, கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். மலேரியாவில் தெரியும் பழுப்பு நிறமி இதில் இருக்காது. அந்த இரண்டையும் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். டிரிப்பனோசோம் என்ற இன்னொரு ரத்த ஒட்டுண்ணி வேறு ரகம். செல்லுக்குள் இருக்காது, வெளியே நெளியும். உலர்ந்த ஸ்மியரில் (ஸ்லைடில் தேய்த்த ரத்தப் படலத்தில்) தேடிக் களைப்பதைவிட, ஒரு சொட்டுப் புது ரத்தத்தைக் கவர்ஸ்லிப் போட்டு அப்போதே பாருங்கள், அசைவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது சாயம். ரத்த ஸ்லைடுக்குப் போடும் லீஷ்மேன் சாயத்தோடு, அதற்கான பஃபர் கரைசலுக்குப் பதில் போர் தண்ணீரைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்புக்கு நிறமே மாறிவிடும், கசடும் படியும். அந்தக் கசடு சிவப்பணுமேல் உட்கார்ந்தால் ஒட்டுண்ணி மாதிரியே இருக்கும். ஃபோகஸை லேசாகத் திருப்பினால் செல்லுக்கு மேலே மிதப்பது தெரியும். தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். அந்தச் சாயத்துக்குப் பெயர் தந்த லீஷ்மேனே காலா அசார் காய்ச்சலின் ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டு, சிதைந்த டிரிப்பனோசோம் என்றுதான் 1903-இல் எழுதினார். அதே ஆண்டு சென்னையில் மருத்துவர் டோனவன் உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலிலேயே அதைக் கண்டு, சிதைவு அல்ல என்று காட்டினார்.

ரத்தம் எடுக்கும்போது கடல் திருக்கைக்கு எழுதிய முறையைப் பின்பற்றாதீர்கள். கடல் திருக்கையின் ரத்தத்தில் யூரியா மிக அதிகம், அதனால் ரத்தத்தோடு கலக்கும் கரைசலிலும் உப்பும் யூரியாவும் கூட்டிச் சேர்ப்பார்கள். அமேசான் திருக்கைக்கு அந்த யூரியா இல்லை. அந்தக் கரைசலில் செல் சுருங்கிப்போகும். சித்திரை வெயிலில் டியூபை பைக் பெட்டியில் போட்டு லேபுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். தொட்டிப் பக்கத்திலேயே ஸ்மியர் இழுத்து, காய வைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்திவிட்டால் ஸ்லைடு காத்திருக்கும்.

சரி, ஒட்டுண்ணி நிஜமாகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உடனே மருந்து ஊற்றுவதுதான் பெரிய தவறு. ஆற்றில் பிடித்த மீனுக்கு ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தும் நோயில்லாமல் இருக்கலாம். மீன்களிடையே இதைப் பொதுவாகப் பரப்புவது அட்டைதான், தண்ணீர் இல்லை. புதிதாக வந்த மீனைத் தனியே வைத்து, வயிற்றுப்புறமும் செவுள் துளைகளும் பார்த்து அட்டையை நீக்கினால் பரவும் வழி பெரும்பாலும் அடைபடும். புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டல் இந்த ஒற்றைச்செல் உயிரிகளைத் தொடாது. செம்பு கலந்த மருந்தோ திருக்கையையே கொன்றுவிடும்.

காட்பாடிக்காரர் செம்பு மருந்து பாட்டிலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். மூடியைத் திறக்கவில்லை என்று சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.