பழைய ராணுவ ரேடியோவைச் சரிசெய்வது: பிளக்கைச் செருகும் முன்பே பாதி வேலை இருக்கிறது

ராணுவ ரேடியோ ஒன்று கைக்கு வந்த அன்று இரவே அதில் கரண்ட் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். தோன்றட்டும், கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். அரை நிமிடம் அழகாக இரைந்தது, அப்புறம் தார் உருகும் வாசனை வந்தது. கசிந்துகொண்டிருந்த சுண்டுவிரல் அளவு கெபாசிட்டர் ஒன்றால், தேடினாலும் கிடைக்காத அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. (கெபாசிட்டர் என்றால் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம். பழைய மெக்கானிக்குகள் மாதிரி நானும் அதைக் கண்டென்சர் என்றுதான் சொல்வேன், பழகிவிட்டது.)

அதனால் முதல் நாள் வேலை பார்ப்பதும் படிப்பதும்தான். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், மூடியைக் கழற்றியதும் உள்ளேயும் எடுங்கள். எந்த வயர் எந்த முனைக்குப் போகிறது என்பது ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது. செட்டின் மேனுவலைத் தேடுங்கள். அமெரிக்க ராணுவ செட்டுகளுக்கு டிஎம் 11 என்று தொடங்கும் வரிசை, பிரிட்டிஷ் செட்டுகளுக்கு இஎம்இஆர் எனப்படும் ஆவணங்கள், இரண்டிலும் நிறைய இன்று ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. வோல்டேஜ் அட்டவணை உள்ள பக்கத்தை மட்டுமாவது அச்செடுத்து மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: அந்தக் காலத்து அளவுகள் பெரும்பாலும் வோல்ட்டுக்கு 1000 ஓம் மீட்டரால் எடுக்கப்பட்டவை. உங்கள் டிஜிட்டல் மீட்டர் சர்க்யூட்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை என்பதால், சில இடங்களில் அட்டவணையைவிடக் கூடுதலாகக் காட்டும். அது கோளாறு இல்லை.

மூடியைத் திறக்கும் முன்பே உடம்புக்கு ஆகாதவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பழைய மீட்டர் முட்கள், டயல் குறிகள், சுவிட்சுப் புள்ளிகள் பலவற்றில் ரேடியம் இருக்கும். இப்போது ஒளிரவில்லை என்று ஏமாறாதீர்கள். ஒளிர்ந்த ரசாயனம்தான் செத்திருக்கிறது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, மீட்டரின் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, உடைந்திருந்தால் பையில் போட்டு மூடித் தனியே வையுங்கள். மஞ்சள் கலந்த மங்கிய நிறத்தில் சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) இருந்தால் அது காட்மியம் முலாமாக இருக்கலாம், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியை இழுக்காதீர்கள். பச்சை பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈரமும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க உள்ளே அடித்த வார்னிஷ்களில் பாதரசச் சேர்மம் கலந்தவையும் உண்டு, அதனால் அதன் மேல் சாலிடர் வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். எண்ணெய் நிரப்பிய தகரக் கண்டென்சர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். கசிந்தால் கையுறை போட்டுக் கழற்றுங்கள், நல்ல நிலையில் இருந்தால் அறுத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேல் உயர் வோல்டேஜ். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வயர்லெஸ் செட் நம்பர் 19-ஐ எடுத்துக்கொண்டால் டிரான்ஸ்மிட்டருக்கு 500 வோல்ட் அளவில் போகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் தங்கும். சில ஆயிரம் ஓம் உள்ள, வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த வயரில் கட்டி அதன் வழியே இறக்குங்கள், பிறகு மீட்டரால் அளந்து பூஜ்யம் என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வீரம் மாதிரித் தெரியும், ஆனால் அதனால் கண்டென்சரும் போகும், சில நேரம் கண்ணும் போகும். செட் ஓடும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

சரி, சுத்தம். காற்றும் மென்மையான பிரஷ்ஷும் முதலில். டியூனிங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே எதையும் நுழைக்காதீர்கள், காற்று போதும். சுருக்கம் விழுந்த பெயின்ட் இருக்கும் முன்பலகைக்கு வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு, தின்னர் வேண்டவே வேண்டாம். எழுத்து அச்சிட்டதாக இருந்தால் ஒரு மூலையில் நனைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பித்தளை டேட்டா பிளேட்டைப் பளபளப்பாக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள், அதை விட்டுவிடுங்கள். அந்த மங்கல்தான் அதன் வயது. சுழலும் சுவிட்சுகளில் கான்டாக்ட் கிளீனரை அப்படியே பீய்ச்சாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்துக் கான்டாக்டில் மட்டும் தொடுங்கள். சுவிட்சின் தட்டு எண்ணெயைக் குடித்துக்கொண்டால் பின்னாளில் அங்கே கசிவு வரும். துருப் பிடித்து இறுகிய திருகைப் பலம் போட்டு உடைக்காதீர்கள், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். தொலைந்த திருகுக்குப் பதில் கையில் கிடைத்த மெட்ரிக் திருகை முடுக்கினால் மரையே போய்விடும், ஏனென்றால் பிரிட்டிஷ் செட்டுகளில் பிஏ மரை, அமெரிக்க செட்டுகளில் 6-32, 8-32 போன்ற அங்குல மரை.

இனி கண்டென்சர், இதில்தான் பொறுமை வேண்டும். காகிதக் கண்டென்சர்கள் அத்தனையும் கசியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகமே வேண்டாம். சில பழுப்பு நிறச் செவ்வக வில்லைகள் மைகா மாதிரி இருக்கும், உள்ளே காகிதம்தான், அவையும் இதில் சேர்த்தி. உண்மையான மைகாவும் செராமிக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எல்லாவற்றிலும் முதலில் மாற்ற வேண்டியது அவுட்புட் வால்வின் (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்) கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, முந்தைய நிலையிலிருந்து சிக்னலைக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டென்சர். என் டிரான்ஸ்பார்மரைக் கொன்றது அதுதான். அது கசிந்தால் முந்தைய நிலையின் பாசிட்டிவ் வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து வால்வு தாறுமாறாகக் கரண்ட் இழுக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. மற்ற வேலை முடிந்து செட் ஓடும்போது அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு அதன் கிரிட் முனையில் வோல்டேஜ் அளக்க வேண்டும். வால்வுகளின் ஹீட்டர்கள் சீரிஸில் இருக்கும் செட்டில் கழற்றினால் கூட இருப்பவையும் அணைந்துவிடும், அங்கே கண்டென்சரின் கிரிட் பக்கக் காலைத் தூக்கி அந்தக் காலில் அளக்க வேண்டியதுதான். பாசிட்டிவாகச் சில வோல்ட் காட்டினால்கூடக் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

புதிய மஞ்சள் ஃபிலிம் கண்டென்சரை அப்படியே மாட்டினால் வேலை செய்யும், ஆனால் பார்க்கச் சகிக்காது. பழைய காகிதக் குழாயை லேசாகச் சூடாக்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிட்டு, புதியதை உள்ளே வைத்து இரண்டு முனையையும் மெழுகால் அடையுங்கள். கை பழகிவிட்டால் ஒன்றுக்குக் கால்மணி நேரம்தான். எலெக்ட்ரோலிட்டிக்குகளை (பவர் சப்ளையில் இருக்கும் பெரிய டப்பாக் கண்டென்சர்களை) குறைந்த வோல்டேஜில் ரெசிஸ்டர் வழியே மெல்ல மெல்ல ஏற்றி மீட்பவர்கள் இருக்கிறார்கள், கசிவு இறங்கினால் பிழைத்தது என்பார்கள். எண்பது வயதுக் கண்டென்சரை நான் நம்புவதில்லை, தகர டப்பாவை இடத்திலேயே விட்டுவிட்டு அடியில் புதியதை மாட்டிவிடுவேன். கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும். எழுதியிருப்பதைவிட இருபது சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கழற்றிய எதையும் எறியாதீர்கள்.

ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் (தகடு தகடாக அடுக்கியது போலிருக்கும்) இருந்தால் அதை விலக்கி சிலிக்கான் டயோடு போடுவது நல்லது, எரிந்தால் வரும் புகை மோசமானது, வீடு முழுக்க அழுகிய பூண்டு நாற்றம். டயோடில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்பதால் கூடவே ஒரு ரெசிஸ்டர் போட்டால்தான் பழைய வோல்டேஜ் வரும். ரப்பர் பூசிய வயர் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறதென்றால் அதைத் தட்டிக்கொடுத்து வாழ முடியாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வயர் என்று மாற்றிக்கொண்டே போங்கள். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் அன்றைக்குத் தூக்கம் இல்லை.

கரண்ட் கொடுக்கும் நாள். மெயின்ஸில் ஓடும் செட் என்றால் சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பைக் கடந்தே போக வேண்டும், அதுவும் 40 அல்லது 60 வாட் இழைப் பல்பு, எல்இடி இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். முதல் முறை வால்வுகளைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரை மட்டும் பாருங்கள். வாகனத்திலும் விமானத்திலும் இருந்த செட்டுகள் 12, 24, 28 வோல்ட் டிசியில் ஓடுபவை, அவற்றுக்குக் கரண்ட் எல்லை வைக்கக்கூடிய பவர் சப்ளை வேண்டும்.

அவற்றில் உயர் வோல்டேஜைத் தருவது டைனமோட்டர் அல்லது வைப்ரேட்டர். டைனமோட்டர் என்பது ஒரே அச்சில் மோட்டாரும் ஜெனரேட்டரும். வைப்ரேட்டர் என்பது டிசியை வேகமாக விட்டுவிட்டு டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும் அதிரும் சுவிட்ச். முதலில் டைனமோட்டர். கிரீஸ் கல்லாகியிருக்கும், அதைத் துடைத்துப் புதியது கொஞ்சமே கொஞ்சம் வையுங்கள். பிரஷ் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டே கழற்றுங்கள், அது அந்த இடத்துக்கே தேய்ந்து வடிவெடுத்திருக்கும். கம்யூட்டேட்டரை எமரி தாளால் தேய்க்கக் கூடாது, அந்தத் துகள் இடைவெளியில் சிக்கி ஷார்ட் ஆக்கும், கண்ணாடித் தாள் போதும். கிளம்பும்போது அது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதால் சின்ன பவர் சப்ளை மூச்சடைத்து நின்றுவிடும். வைப்ரேட்டர் பல வருடம் சும்மா கிடந்தால் கான்டாக்டில் படலம் படியும். டப்பாவைத் திறந்து மெல்லிய காகிதத்தைக் கான்டாக்ட் நடுவே இழுத்தாலே பல நேரம் உயிர் வரும். அதன் டிரான்ஸ்பார்மருக்குக் குறுக்கே இருக்கும் பஃபர் கண்டென்சரை அதே மதிப்பில், உயர் வோல்டேஜ் தாங்கும் புதியதாக மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கையில் தூக்கும் செட்டுகளில் பேட்டரிப் பிரச்சினை. பிசி-611, அதாவது பழைய போர்ப் படங்களில் காதில் வைத்துப் பேசும் அந்த நீள டப்பா, 103.5 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் கேட்கும். பதினொரு 9 வோல்ட் பேட்டரிகளைச் சங்கிலியாக மாட்டினால் 99 வோல்ட், தாராளமாகப் போதும். 1.5 வோல்ட் ஃபிலமென்டில் தவறி ஒருமுறை அதிக வோல்டேஜ் பட்டால் ஐந்து வால்வும் ஒரு நொடியில் போகும், அதனால் முதலில் வால்வைக் கழற்றி சாக்கெட்டில் அளந்து பாருங்கள். வியட்நாம் காலத்து பிஆர்சி-77 டிரான்சிஸ்டர் செட், 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை 920 சேனல். அதில் வேலை எளிது. ஆனால் குமிழ்கள் இறுகியிருந்தால் திருகி முறிக்காமல் கிரீஸைக் கவனியுங்கள்.

துணைக்கருவிகளைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். எனக்கு அவைதான் பிடித்த வேலை. ஹெட்போன் மூடியைத் திருகித் திறந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் தகட்டை நெம்பி எடுக்காதீர்கள், காந்தம் இழுத்து அது வளைந்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும். இன்றைய ஹெட்போனை நேராக மாட்டினால் இம்பிடன்ஸ் பொருந்தாமல் சத்தம் மெலிந்து வரும், நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் போடுங்கள். கார்பன் மைக்கில் துகள்கள் ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து, லேசாகத் தட்டிப் பாருங்கள், ஆட்டினால் ஓம் மீட்டரில் முள் அலைய வேண்டும். அலையவில்லையென்றால் உள்ளே எலெக்ட்ரெட் மைக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் வைத்துவிட்டுப் பழைய காப்ஸ்யூலைப் பையில் போட்டு வையுங்கள். கான்வாஸ் பைகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். உலர்ந்த பிரஷ், குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். கல்லான ரப்பருக்கு மருந்து இல்லை. இன்னொன்று, பிசி-221 அலைவரிசை மீட்டர் வாங்கினால் கூடவே அதன் அளவுப் புத்தகமும் இருக்கிறதா, இரண்டிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாக அளந்து போட்ட புத்தகம் அது, வேறொன்றின் புத்தகம் உதவாது.

எல்லாம் முடிந்து செட் பேசுகிறது என்றால், ஐஎஃப் கோர்களைத் திருகும் கை அரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். ஐஎஃப் என்பது வரும் சிக்னலை செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் நிலையான அலைவரிசை, அதற்கு டியூன் செய்யும் திருகுகள்தான் கோர்கள். நம்பர் 19-க்கு 465 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்க ராணுவ ரிசீவரான ஆர்-390ஏ-வின் கடைசி ஐஎஃப் 455. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் இதைத் தொடுவது இருட்டில் ஊசி கோர்ப்பது. கோர் இறுகியிருந்தால் உடையும், அதற்கும் மாற்று கிடைக்காது. கேட்பதோடு நிறுத்தாமல் அனுப்பவும் ஆசைப்பட்டால் அமெச்சூர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவில் மாட்டாமல் டம்மி லோடில் (அலையை வெளியே விடாமல் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டரில்) மட்டும் சோதியுங்கள். சில நாடுகளில் டிரான்ஸ்மிட்டரை வைத்திருக்கவே அனுமதி தேவை, அதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

மாற்றிய பாகங்களின் பட்டியலைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழையவற்றோடு ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், வால்வுச் சூடு படாத மூலையாகப் பார்த்து.