அணைக்கரைத் தூண்டில்: விரால், ஜிலேபி, கட்லா

தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறும் தண்ணீர் கரைப்புல்லை மூழ்கடிக்கும்போது, புழு பூச்சி தேடி மீன் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். பாசனத்துக்குத் திறந்து மட்டம் இறங்கினால், அதே மீன் பழைய ஓடைத் தடம், மூழ்கிய மரம், பாறைச் சரிவு என்று உள்ளே விலகிவிடும். நேற்று கடித்த இடம் இன்றைக்கு உதவாமல் போவது இதனால்தான்.

மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடமா, குத்தகைக்காரரிடமா என்று விசாரித்து, அனுமதி வாங்கிய பிறகே தூண்டிலை எடுங்கள். மதகுப் பக்கம் நிற்க வேண்டாம். அமராவதி அணையில் முதலைகள் உண்டு. அங்கே தண்ணீரில் காலே வைக்கக் கூடாது.

விரால் காற்றுக் குடிக்க மேலே வரும். கோரை, ஆகாயத்தாமரை ஓரங்களில் குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 7 அடி மீடியம் ஹெவி ராடு (ஓரளவு விறைப்பான தூண்டில் கோல்), 30 முதல் 40 பவுண்டு பிரெய்டு நரம்பு (பல இழை பின்னியது), 10 முதல் 15 கிராம் ரப்பர் தவளை (முள் பொருத்திய செயற்கை இரை) போதும். தங்கூசி நரம்பு (ஒற்றை இழை நைலான்) இழுபடுவதால் விராலின் கெட்டித் தாடையில் முள் சரியாக ஏறாது. பிரெய்டு வழுக்கும், பாலோமர் முடிச்சு (நரம்பை இரட்டையாக மடித்து வளையத்தில் கோர்த்துப் போடுவது) போட்டு, நனைத்து இறுக்குங்கள்.

செடியைத் தாண்டி எறிந்து, தத்தித் தத்தி இழுத்து, திறந்த இடம் வந்ததும் இரண்டு நொடி நிறுத்துங்கள். 'பளார்' என்று அடித்ததுமே ராடைத் தூக்குபவர்களுக்கு வெறும் தவளைதான் முகத்துக்கு நேரே பறந்து வரும். முள்முனைகள் தவளையின் உடம்போடு ஒட்டிக் கிடப்பவை. வாய்க்குள் ரப்பர் நசுங்கினால்தான் வெளியே வரும். ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, கனம் தெரிந்த பிறகு ஓங்கிச் சுண்டுங்கள். தவளை மிதக்காமல் அமிழ்ந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும், பிதுக்கிவிடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் எறியாதீர்கள். காவல் நிற்கும் பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) 8 அல்லது 10ஆம் எண் முள், சின்னத் தக்கை, அதன் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம். முழுப் புழுவைக் கோர்த்தால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகும். விரல்நகம் அளவுத் துண்டு போதும். தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள்.

கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். அதற்கேற்பத் தக்கையை ஏற்றி இறக்குங்கள். இவற்றுக்கு இரை, கடலைப் புண்ணாக்குத் தூளும் தவிடும் சம அளவு, ஒட்டுவதற்கு ஒரு கைப்பிடி கோதுமை மாவு. பிசைந்த உருண்டையைக் காலடித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கரைந்தால் மாவு போதவில்லை; கால் மணி நேரம் கல்லாகக் கிடந்தால் மாவு அதிகம். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். பெரிய கட்லாவின் முதல் ஓட்டத்தில்தான் நரம்பு அறுபடும்.