நன்னடத்தையில் வெளியே வந்தவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

கோர்ட்டில் நன்னடத்தையில் விட்டதும் "கேசு முடிஞ்சுதுங்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். முடியவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி தண்டனையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக நடப்பேன் என்று கோர்ட்டில் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்தின் காலம் 3 ஆண்டு வரை போகலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையும் சேர்ந்திருந்தால் அந்த மேற்பார்வைக் காலம் ஓராண்டுக்குக் குறையாது. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் எழுதிக்கொடுக்கும் நன்னடத்தைப் பத்திரம் வேறு. இரண்டையும் குழப்பி, தப்பான ஆபீசுக்கு அலைபவர்கள் உண்டு.

நம் பக்கத்தில் அதிகம் சறுக்குவது ஊர் மாறுவதில்தான். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் ஏறினால் திரும்ப மாசக்கணக்காகும். நாமக்கல் லாரியும் அப்படியே. சோமனூர்த் தறிக்குடோனில் கூலி கட்டுபடியாகாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால், லைன் வீடும் மாறிவிடும். பிழைப்புக்குப் போவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இருப்பிடம் பற்றிப் பத்திரத்தில் நிபந்தனை இருந்தால், கிளம்பும் முன்பே அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் மனுச் செய்தால் நிபந்தனையை மாற்ற 8-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனது கணக்கில் வராது.

அந்த அலுவலர் போலீஸ் இல்லை. சிறைத்துறையின் நன்னடத்தைப் பிரிவைச் சேர்ந்தவர். தேவைப்பட்டால் வேலை தேடித்தர முயல்வதும் அவர் கடமை என்றே சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று ஒளிந்துகொள்வது வீண் வேலை.

மது உள்ளிட்ட போதைப்பொருள் தொடக்கூடாது என்ற நிபந்தனையும் போடுவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அதை மறந்துவிடுகிறார்கள்.

நிபந்தனை மீறினால் ஜாமீன் போட்ட மச்சானுக்கும் சம்மன் போகலாம். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை அபராதம் விதித்து, பத்திரத்தைத் தொடர விடலாம். அம்பது ரூபாய்தானே என்று தைரியம் சொல்கிறவர்கள் 9-ஆம் பிரிவின் மற்ற பாதியைச் சொல்வதில்லை: அதே முதல் மீறலுக்குப் பழைய குற்றத்துக்கான தண்டனையையே கொடுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

மேற்பார்வை உத்தரவின் நகலை உங்களுக்கும் ஜாமீன்தாரருக்கும் கோர்ட்டே தர வேண்டும். அதை வக்கீல் கட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, அரசு வேலை. குற்றவாளி என்ற தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பை 12-ஆம் பிரிவு நீக்குகிறது. தீர்ப்பே அழிந்துபோகாது, துறை நடவடிக்கைக்கும் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள்.