உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கேளிக்கை வரிச் சலுகை: பினாங்கில் மக்கள் ஆதரவைத் திரட்டும் வழி

பினாங்கில் சொந்தக் காசைப் போட்டுத் தமிழ்ப் படம் எடுத்தவர்களிடம் அரசு உதவி பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் கோலாலம்பூரைத்தான் கைகாட்டுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி திரைப்படமும் தணிக்கையும் மத்திய அரசின் பட்டியலில் வருகின்றன. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ்தான் தயாரிப்பு உரிமத்தையும் படப்பிடிப்புச் சான்றிதழையும் வழங்குகிறது. ஆனால் திரையரங்கு டிக்கெட்டின் மீது வசூலாகும் கேளிக்கை வரி மாநிலத்தின் வருமானம். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, மூன்றாம் பகுதியில் மாநிலங்களுக்கு உரிய வருவாய்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. கள்ளுக்கடை வருமானம், நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றோடு கேளிக்கை வரியும் அங்கே நிற்கிறது. ஆகவே பினாங்கு டிக்கெட்டில் பிடிக்கப்படும் பணத்தைப் பற்றிக் கோலாலம்பூருக்கு மனு எழுதுவது, தவறான கதவைத் தட்டுவதாகவே முடியும். கேளிக்கை வரிச் சலுகை கேட்டு மாநில அரசுக்கு மனு கொடுக்கவும் அதற்கு ஆதரவு திரட்டவும் முனையும் குழுவுக்கு முதல் வேலை, கேட்கும் பணம் யாருடைய பையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் சலுகைகள் நமக்கு ஏன் எட்டவில்லை என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஃபிமி ஊக்கத்தொகைத் திட்டம், மலேசியாவில் செய்யப்படும் தகுதியான தயாரிப்புச் செலவில் 30 விழுக்காட்டை ரொக்கமாகத் திருப்பித் தருகிறது. ஜோகூர் இஸ்கண்டார் படப்பிடிப்புத் தளத்துக்கு வெளிநாட்டுத் தொடர்கள் வந்ததற்கு இத்திட்டமும் ஒரு காரணம். ஆனால் அறிமுகமானபோது வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்குக் குறைந்தபட்சச் செலவு 50 லட்சம் ரிங்கிட் என்றும், உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு 25 லட்சம் ரிங்கிட் என்றும் வரையறுக்கப்பட்டது. நண்பர்களிடம் கைமாற்று வாங்கி எடுக்கப்படும் நம்மூர்த் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த வாசற்படியைக்கூட நெருங்குவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால், "உங்களுக்குத்தான் ஃபிமி இருக்கிறதே" என்ற பதில் எழாது.

இனி, எதைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது, ஏனெனில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. முதலாவது, எல்லாப் படங்களுக்கும் வரி விகிதத்தையே குறைப்பது. கோலாலம்பூர் உள்ளிட்ட, மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கூட்டரசுப் பிரதேசங்களில் அப்படித்தான் செய்தார்கள்: 2024-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், படக்காட்சிகளுக்கான கேளிக்கை வரி 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு முழு விலக்கும் அளிக்கப்பட்டது. இரண்டாவது, உள்ளூர்ப் படங்களின் டிக்கெட்டில் வசூலான வரியை அந்தப் படத்தின் தயாரிப்பாளரிடமே திருப்பித் தருவது. இந்த முறையும் நாட்டுக்குப் புதிதல்ல.

முதல் கோரிக்கைக்குக் கைதட்டல் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் பலன் பெரும்பாலும் ஹாலிவுட் படங்களுக்கும் சென்னையிலிருந்து வரும் பெரிய நடிகர்களின் படங்களுக்குமே போய்ச் சேரும். திரையரங்கு உரிமையாளர் டிக்கெட் விலையைக் குறைப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாநிலத்துக்கு ஏற்படும் இழப்பும் பெரிது. இரண்டாவது கோரிக்கையில் இழப்பு சிறியது, பயனாளி யார் என்பது தெளிவு. வரிக்கு முன் 16 ரிங்கிட் விலையுள்ள ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 25 விழுக்காடு வரி என்றால் 4 ரிங்கிட்; 10,000 டிக்கெட் விற்ற படத்துக்கு 40,000 ரிங்கிட். மாநில வரவு செலவுக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. தயாரிப்பாளருக்கோ அடுத்த படத்தின் ஒலிப்பதிவுக் கூலி. என் கருத்தில் பினாங்குக் குழு இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். மனுவில் விகிதத்தை எழுதுமுன், பினாங்கில் இப்போது நடைமுறையில் உள்ள விகிதத்தையும் விலக்குகளையும் மாநில நிதித் துறைக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, வந்த பதிலை மனுவோடு இணைத்துவிடுங்கள். கணக்கில் ஒரு பிழை இருந்தாலும் அதிகாரி அதோடு கோப்பை மூடிவிடுவார்.

சலுகைக்கு எந்த நிபந்தனையை வைப்பது என்பதிலும் கவனம் தேவை. 2006-இல் தமிழ்நாடு அரசு, தமிழில் தலைப்பு வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. உடனே ஆங்கிலத் தலைப்போடு தயாரான பல படங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. நிபந்தனை தலைப்பின் மீது இருந்ததால் தலைப்பு மட்டும் மாறியது. பினாங்கு மனு மொழியையோ தலைப்பையோ நிபந்தனையாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மலாய், சீனப் படக்காரர்களின் ஆதரவையும் இழப்போம். பினாங்கில் செலவழித்த தொகை, வேலைக்கு அமர்த்திய பினாங்குக்காரர்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் போதும். கூட்டரசுப் பிரதேசச் சலுகைக்கு 2028 இறுதி வரை என்று காலவரம்பு வைத்திருப்பதைப் போல, நம் கோரிக்கையிலும் ஐந்தாண்டு என்று எழுதுவது நல்லது. முடிவுத் தேதி உள்ள சலுகைக்குக் கையெழுத்திட அதிகாரிகள் தயங்குவதில்லை.

ஆதாரம் சேர்ப்பதுதான் இந்த முயற்சியின் முதுகெலும்பு. நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். கடந்த சில ஆண்டுகளில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் படமோ குறும்படமோ எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய பில்களைக் கேளுங்கள். பட்டர்வொர்த்தில் வாடகைக்கு எடுத்த வேன், பிறையில் மேடைக்குப் பலகை அறுத்துக் கொடுத்த பட்டறை, படக்குழுவுக்குத் தினமும் காலையில் பசியாறக் கொடுத்த சாப்பாட்டுக் கடை, லிட்டில் இந்தியாவில் உடை தைத்த தையற்கடை, தங்கும் விடுதி, நகராண்மைக்குக் கட்டிய இடக் கட்டணம் என எல்லாம் கணக்கில் வரும். பில்லில் கடையின் சாப்பாவும் (முத்திரையும்) தேதியும் இருக்க வேண்டும். சாப்பா இல்லாத கைச்சீட்டுகள் நிறையவே வரும். அவற்றைத் தூக்கிப் போடாமல், கடைக்காரரிடம் திரும்பப் போய் ஒரு வரிக் கடிதம் வாங்கினால் அதுவே ஆதாரம், அவரே உங்கள் ஆதரவாளர். நாற்பது நாசி லெமாக் பொட்டலத்துக்கு வாங்கிய பணத்தைப் பற்றிப் பேசும் அக்கா ஒருவரை விட, "பொருளாதாரப் பெருக்கம்" பற்றிப் பேசும் நிபுணர் சட்டமன்ற உறுப்பினருக்கு அதிகம் பயன்படுவார் என்று நான் நினைக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்குங்கள். படத்தின் பெயர், பினாங்கில் செலவான தொகை, வேலை பார்த்தவர்கள், திரையரங்கில் விற்ற டிக்கெட், அதில் போன வரி ஆகியவை இருந்தால் போதும். டிக்கெட் எண்ணிக்கையைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கலாம். திரையரங்கு அவருக்குக் கணக்கு கொடுத்திருக்கும். தொகையை ஊதிப் பெருக்க வேண்டாம். ஜோர்ஜ்டவுனில் ஹாலிவுட் படங்களும் பிரிட்டிஷ் தொடர்களும் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பெருமைதான், ஆனால் அந்தச் செலவுகளை நம் பட்டியலில் சேர்த்தால், சலுகை இல்லாமலே வருகிறார்களே என்ற கேள்விக்கு நாமே வழி அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

மனுவைத் தேசிய மொழியில், இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். பொதுமக்களுக்காகத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் வேறு. கோரிக்கை ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். தமிழில் அதன் வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "தயாரிப்புச் செலவில் பாதிக்குக் குறையாத பகுதியைப் பினாங்கில் செலவிட்டு, பினாங்குக்காரர்களை வேலைக்கு அமர்த்திய மலேசியப் படங்களுக்கு, மாநிலத்தில் உள்ள திரையரங்குகளில் வசூலான கேளிக்கை வரியை, ஐந்தாண்டுக் காலத்துக்கு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கின் பேரில் தயாரிப்பாளருக்குத் திருப்பித் தர மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்." ஒதுக்கீடாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1953-ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டம் மத்தியச் சட்டம். அதைத் திருத்தக் கேட்டால் விஷயம் மறுபடியும் கோலாலம்பூருக்குப் போய்விடும். ஒதுக்கீடு என்பது மாநிலமே முடிவு செய்யக்கூடியது.

கையெழுத்து திரட்டும்போது, இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பெயர்களைவிடத் தொகுதிவாரியான பெயர்களுக்கே மதிப்பு அதிகம். தாளின் தலைப்பிலேயே பிறை, பாகான் டாலாம் என்று சட்டமன்றத் தொகுதியின் பெயரை அச்சிட்டு, பெயரும் வட்டாரமும் மட்டும் கேளுங்கள். அடையாள அட்டை எண்ணை முழுதாக வாங்கி அலைய விடுவது யாருக்கும் நல்லதல்ல. பதிவு பெற்ற சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானம் நூறு கையெழுத்துக்குச் சமம். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றை அணுகும்போது, தீர்மான வாசகத்தை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் வைத்து யாரும் எழுத மாட்டார்கள். திரையரங்கு நிர்வாகி ஒருவரின் கடிதம் கிடைத்தால் அதை மேலே வையுங்கள். ஒரு உள்ளூர்ப் படத்தை மண்டபத்தில் திரையிட்டு, முடிந்ததும் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்குவது நல்ல பலன் தரும். அதற்குரிய அனுமதிகளை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

யாரைச் சந்திப்பது என்பதில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன. சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "அண்ணே, படம் சம்பந்தப்பட்டது எல்லாம் கேஎல் விசயமாச்சே, ஒய்பி என்ன செய்ய முடியும்?" என்று கேட்பார். அப்போது பத்தாவது அட்டவணையின் நகலை எடுத்து நீட்டுங்கள். பேச்சு உடனே வேறு தொனிக்கு வரும். ஆனாலும் ஒய்பி என்று நாம் அழைக்கும் சாதாரணச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஓர் எல்லை உண்டு. வரியை விதிக்கும், குறைக்கும், தள்ளுபடி செய்யும் மசோதாவை, மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவின் உறுப்பினர்தான் கொண்டுவர முடியும் என்று அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை சொல்கிறது. நாடாளுமன்றத்தில் அதே உரிமை அமைச்சருக்கு மட்டுமே என்று 67-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் ஒய்பியிடம் மசோதா கேட்காதீர்கள். வாய்மொழிக் கேள்வி ஒன்று, வரவு செலவு விவாதத்தில் இரண்டு நிமிடம், ஆட்சிக்குழு உறுப்பினரோடு ஒரு சந்திப்பு என்று மூன்றை மட்டும் கேளுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: உள்ளூர்ப் படங்களிலிருந்து கடந்த மூன்றாண்டுகளில் மாநிலம் வசூலித்த கேளிக்கை வரி எவ்வளவு? அதில் திருப்பித் தரப்பட்டது எவ்வளவு? பதில் அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், அதன் பிறகு எல்லோரும் அதே எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும்.

சுற்றுலா, படைப்பாக்கப் பொருளாதாரம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர் இயல்பான நண்பர்; ஆனால் பணம் முதலமைச்சரின் நிதிப் பொறுப்பில் இருப்பதால், மனு அவர் பெயருக்கும் போக வேண்டும். மாநில வரவு செலவுத் திட்டம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் தாக்கலாகிறது. துறைகள் தங்கள் தேவைகளை அதற்கு வெகு முன்பே எழுதி முடித்துவிடுகின்றன. தீபாவளி நெருங்கும்போது ஊர்வலமாகப் போய்க் கொடுக்கும் மனு நாளிதழில் படமாக வரும், ஒதுக்கீட்டில் வராது. ஜூன், ஜூலையில் கொடுங்கள்.

"மருத்துவமனைக்கே பணம் இல்லாதபோது சினிமாவுக்கா?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழும். அது நியாயமான கேள்வி, கோபப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 20 விழுக்காடு வரிக்கழிவும், மாநிலச் சின்னத்தைக் காட்டினால் மேலும் 10 விழுக்காடும் கொடுத்துப் பெரும் படத்தொழிலை ஈர்த்தது; அந்தச் செலவு மக்களுக்குத் திரும்ப வருகிறதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. நம் கோரிக்கை அப்படிப்பட்டதல்ல: கருவூலத்திலிருந்து புதிதாக எடுப்பதில்லை, அந்தப் படம் ஓடியதால் வந்த வரியையே திருப்பிக் கேட்கிறோம், படம் ஓடாவிட்டால் மாநிலம் ஒரு சென்னும் தர வேண்டியதில்லை. இந்த விளக்கத்தைக் குழுவில் எல்லோரும் தடையின்றிச் சொல்லப் பழகிக்கொள்ளட்டும்.

பொதுக்குரல் எடுபடாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2016-ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதற்குக் கலைஞர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்பட விருதை 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம் பெற்றது. அங்கே பல இனத்தவரும் சேர்ந்து பேசினார்கள் என்பதைக் குழுவின் அமைப்பில் மனத்தில் கொள்ளுங்கள். ஃபிமியின் குறைந்தபட்சச் செலவைத் தளர்த்தும் கோரிக்கையைத் தனி மனுவாக்கி, நிதியமைச்சு வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது அனுப்பிவிடலாம்; அதை மாநில மனுவோடு கலக்காதீர்கள்.

மனுவைக் கொடுக்கும் இடத்தில், உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பாவும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். ஒரு மாதம் கழித்து அந்தத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள், சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்குமுன் ஒய்பிக்கு இன்னொரு முறை. தொடர்புக்கு ஒரே ஒருவர் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அதிகாரி அழைக்கும் நாளில் தொலைபேசியை எடுக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.